கிராமத்து இருட்டில் வானம் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெறுங்கண்ணாலும் ஒரு சாதாரண பைனாகுலராலும் வானம் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்காக எழுதியது இது. இதில் வரும் நேரம், உயரம் எல்லாம் திருச்சி, கோவை, ஈரோடு பக்கத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு, அதாவது ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு. கன்னியாகுமரியில் தெற்கு நட்சத்திரங்கள் இன்னும் 3 டிகிரி உயரத்தில் தெரியும், சென்னையில் 2 டிகிரி தாழ்ந்து தெரியும். மட்டக்களப்பில் இருப்பவர்கள் கன்னியாகுமரிக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். டிகிரி என்றதும் பயப்பட வேண்டாம். கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. கீழே பல இடங்களில் முஷ்டிக் கணக்குதான் வரும்.

டெலஸ்கோப் இல்லாமல் பார்ப்பதற்கு வானத்தில் என்ன இருக்கிறது?

நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே ஒரே சமயத்தில் 2,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் தெரியும். ஐந்து கிரகங்கள், பால்வீதி, எரிநட்சத்திரங்கள், 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம், இவை எதற்கும் கருவி வேண்டாம். கையில் 50 மி.மீ. பைனாகுலர் வந்துவிட்டால் நம் கண்ணைவிட சுமார் 50 மடங்கு வெளிச்சத்தை அது சேகரித்துத் தரும்.

டெலஸ்கோப் வானத்தில் ஒரு சின்னத் துண்டை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். கார்த்திகைக் கூட்டம், பால்வீதியின் நட்சத்திர மேகங்கள், வால் நீண்ட வால்நட்சத்திரம் போன்ற அகலமான காட்சிகள் அதில் அடங்காது. பைனாகுலரில் அடங்கும். அதனால் முதலில் இருட்டான இடம், அடுத்து பைனாகுலர், டெலஸ்கோப் அப்புறம் என்ற வரிசையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

எங்கள் ஊர் மொட்டை மாடி போதாதா?

நிலாவுக்கும் கிரகங்களுக்கும் போதும். பால்வீதி வேண்டும் என்றால் போதாது. தெருவிளக்கின் வெளிச்சம் காற்றிலிருக்கும் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தையே வெளிற வைத்துவிடுகிறது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கைவிட இப்போதைய வெள்ளை எல்இடி இதில் மோசம். அதில் நீல ஒளி அதிகம், நீலம்தான் காற்றில் அதிகமாகச் சிதறும்.

இடம் தேடும்போது நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. பெரிய ஊருக்குத் தெற்கே போங்கள். நமக்குக் கிடைத்திருக்கும் அரிய காட்சிகள் பலவும் தெற்கு வானத்தில் தாழ்ந்துதான் இருக்கின்றன. ஊர் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம், வடக்கே இருந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஊருக்கு வடக்கே ஒரு நல்ல தோப்பு கிடைத்தாலும் தெற்கில் வெளிச்சம் எழும்பி நின்றால் அதில் பயனில்லை. மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் எதிரே கடல்தான், விளக்கே கிடையாது. உள்நாட்டில் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, பச்சமலை, கொல்லிமலைப் பகுதிகள் நல்லவை. கொல்லிமலையில் இருள் வானப் பூங்கா ஒன்று அமைக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986 முதல் பயன்பாட்டில் உள்ளது. வானாய்வாளர்களே தேடிப் பிடித்த மலை என்பதால் அந்தச் சுற்றுவட்டாரத்தின் அருமை தெரியும்.

எங்கள் இடம் போதுமான இருட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2001-இல் ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க வானம் பார்ப்பவர் வானத்தின் இருட்டை 1 முதல் 9 வரை தரம் பிரித்தார். 1 என்றால் முழு இருட்டு, 9 என்றால் மாநகரத்தின் நடுப்பகுதி. எண்ணெல்லாம் வேண்டாம் என்றால் மூன்று சோதனைகள் போதும்.

கார்த்திகையில் ஆறு நட்சத்திரங்கள் சிரமமில்லாமல் தெரிய வேண்டும். ஏழு, எட்டு என்று எண்ண முடிந்தால் இன்னும் நல்லது. அடுத்தது பூசம். புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்கும் மகத்துக்கும் நடுவே அது ஒரு மங்கலான புகைத் திட்டாக வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால் உங்கள் இடம் நல்ல இடம். மூன்றாவது, பால்வீதியின் நடுவே ஓடும் கறுப்புப் பிளவு. அது தெளிவாகத் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

எந்த மாதம், எந்த நாள்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தொடங்கலாம். மார்கழிக் கடைசியிலிருந்து பங்குனி வரை நமக்கு மிகச் சிறந்த காலம். சித்திரை, வைகாசியில் புழுதியும் வெக்கையும் வானத்தை மங்கலாக்கும். ஆனால் கோடை மழை கொட்டி ஓய்ந்து மேகம் கலைந்த இரவு கிடைத்தால் வேறு எந்த வேலையையும் ஒத்திப்போடலாம், காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களில் மேகம்தான். தூத்துக்குடி, ராமநாதபுரம் போன்ற மழை மறைவுப் பகுதிகளில் அப்போதும் இடைவெளி கிடைக்கும்.

நிலாவைப் பொறுத்தவரை தேய்பிறை சஷ்டி தாண்டினால் நிலா உதிக்கவே இரவு பதினொன்று ஆகிவிடும், மாலை முழுதும் உங்களுக்குத்தான். அங்கிருந்து அமாவாசை தாண்டி வளர்பிறை சதுர்த்தி வரை போகலாம். பங்குனி, சித்திரையில் பக்கத்து ஊர்களில் கோயில் திருவிழா எப்போது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். நாலு தெருவுக்கு சீரியல் செட் போட்டிருந்தால் அந்தத் திசை வானம் அன்றைக்கு இல்லை.

போனவுடன் ஒன்றும் தெரியவில்லையே?

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி மெல்ல மெல்லத்தான் சேரும். ஒரு முறை செல்போனைப் பார்த்தாலோ பைக் ஹெட்லைட் கண்ணில் பட்டாலோ அது சிதைந்துவிடும், திரும்ப முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். சிவப்பு ஒளி இந்த நிறமியை அதிகம் கெடுப்பதில்லை. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். மங்கலான ஒன்றைப் பார்க்க அதை நேராகப் பார்க்காதீர்கள், சற்றுத் தள்ளிப் பாருங்கள். விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சி செல்களே இல்லை, சுற்றிலும்தான் நிறைந்திருக்கின்றன. பூசத்தை நேராகப் பார்த்தால் காணாமல் போகும், பக்கத்தில் பார்த்தால் திரும்ப வந்து நிற்கும். முதல்முறை இதைச் செய்து பார்க்கிறவர்கள் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள்.

நட்சத்திரங்களை அடையாளம் காண எங்கிருந்து தொடங்குவது? ஆப் வேண்டுமா?

ஸ்டெல்லேரியம் போன்ற ஆப் நல்லதுதான், சிவப்புத் திரை வசதியும் உண்டு. ஆனால் நம் வீட்டுச் சுவரில் அதைவிடப் பழைய வழிகாட்டி ஒன்று தொங்குகிறது. தினசரி காலண்டரைத்தான் சொல்கிறேன்.

அதில் தேதிக்குக் கீழே திதியும் நட்சத்திரமும் போட்டிருப்பார்கள். அந்த நட்சத்திரம் அன்றைக்கு வானத்தில் நிலா இருக்கும் இடம். நிலா ஒரு சுற்று வர 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. அந்தப் பாதையை 27 பங்காக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஜோதிடத்தில் நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது கண்ணால் சரிபார்க்கக்கூடிய வான இயல் தகவல். காலண்டரில் மகம் என்று போட்டிருக்கும் இரவில் வெளியே வந்து பாருங்கள். நிலாவுக்கு அருகில் பிரகாசமாக இருக்கும் வெண்ணீல நட்சத்திரம்தான் மகம். ரோகிணி என்றால் செம்மஞ்சளாக ஒன்று, சித்திரை என்றால் தனித்து நிற்கும் வெள்ளை, கேட்டை என்றால் நல்ல சிவப்பு. ஒரு பங்கு 13 டிகிரிக்குச் சற்று அதிகம் என்பதால் நிலா அந்த நட்சத்திரத்துக்கு ஒரு முஷ்டி முன்னே பின்னே இருக்கலாம். "பகல் 2.15 வரை மகம், பின்பு பூரம்" என்று நேரம் போட்டிருப்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்கும் நிலாவின் பாதையை ஒட்டியே இருப்பதால் ஏமாற்றாது. சுவாதி, திருவோணம், அவிட்டம் மூன்றும் பாதையிலிருந்து மூன்று முஷ்டி அளவு வடக்கே விலகியவை. அவற்றை நிலாவை வைத்துத் தேடாதீர்கள்.

நிலா இல்லாத இரவுகளில், தை மாசியில், ஒரே வரிசையில் நிற்கும் மூன்று நட்சத்திரங்களிலிருந்து தொடங்குங்கள். ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடைவார் அது. அந்தக் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். மறுபக்கம் நீட்டினால் ரோகிணி, அதைத் தாண்டிக் கார்த்திகை. இடைவாருக்கு வடக்கே சிவப்பாக மின்னுவது திருவாதிரை. ஒரே இரவில் மூன்று ஜென்ம நட்சத்திரங்கள் கைவசம் வந்துவிடும். வீட்டில் இருப்பவர்களின் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினால் வருடம் முழுதுக்கும் வேலை இருக்கும், பிள்ளைகளும் கூடவே வருவார்கள்.

துருவ நட்சத்திரம் எங்கள் ஊரில் தெரிவதே இல்லையே?

தெரியும், ரொம்பத் தாழ்வாக. நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ, அவ்வளவு உயரத்தில்தான் அது இருக்கும். திருச்சியில் 11 டிகிரி, அதாவது அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி. ஒரு வேப்பமரம் மறைத்துவிடும். அதோடு அது அத்தனை பிரகாசமும் கிடையாது.

தெற்கு வானத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறீர்களே, அங்கே என்ன இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

வானம் பார்ப்பது பற்றிக் கிடைக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை 40, 50 டிகிரி வடக்கில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்குத் துருவ நட்சத்திரம் உயரத்தில், தெற்கு வானத்தில் பெரும்பகுதி அடிவானத்துக்குக் கீழே. அந்தப் புத்தகங்களை நம்பி வடக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் நம்மிடம் இருக்கும் செல்வம் நமக்கே தெரியாமல் போய்விடும். வடக்கே சப்தரிஷியும் தெற்கே தென்சிலுவையும் ஒரே இரவில் தெரியும் இடத்தில் நாம் இருக்கிறோம். லண்டனில் இருப்பவருக்கு இந்தப் பதிலில் காட்டப்போகும் தெற்குக் காட்சிகள் எதுவும் ஒருபோதும் உதிப்பதில்லை.

தை, மாசி மாலையில் சிரியஸைப் பிடித்துக்கொண்டு கீழே தெற்கு நோக்கி மூன்றரை முஷ்டி இறங்குங்கள், சற்றே வலப்பக்கம். அங்கே தனியாக ஒளிர்வது அகத்தியர் நட்சத்திரம், உலக வழக்கில் கனோபஸ். இரவு வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம், சுமார் 310 ஒளியாண்டுத் தொலைவு.

பங்குனியிலிருந்து தென்சிலுவை. இதற்கு அஸ்தம் உதவும். நான்கு நட்சத்திரங்கள் சேர்ந்து கோணலான ஒரு சதுரம் போல இருக்கும் சின்னக் கூட்டம் அது. அஸ்தம் தெற்கில் உச்சிக்கு வரும் நேரத்தில் நேர் கீழே நான்கு முஷ்டி இறங்கினால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும், அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில். ஏப்ரல் நடுவில் இரவு 11 மணிக்கு மேல், மே நடுவில் 9 மணிக்கு மேல் இந்த நிலை. அதற்கு இடப்பக்கம் பிரகாசமாக இரண்டு நட்சத்திரங்கள். அவற்றில் இடது ஓரத்தில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. 4.4 ஒளியாண்டு. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் குடும்பம் அது. நம் வயல் வரப்பில் நின்று வெறுங்கண்ணால் பார்க்கலாம்.

இப்போது ஒமேகா சென்டாரி. சித்திரை நட்சத்திரம் தெற்கில் உச்சிக்கு வரும்போது அதற்கு நேர் கீழே மூன்றரை முஷ்டி. ஏப்ரல் நடுவில் நள்ளிரவு கடந்ததும், மே நடுவில் இரவு 10 மணி வாக்கில். வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒரு நட்சத்திரம் போலத்தான் இருக்கும், பழங்கால வானியலாளர் தாலமி அதை நட்சத்திரம் என்றே பட்டியலிட்டார். 1677-இல் எட்மண்ட் ஹாலி செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்தபோதுதான் அது வேறு ஏதோ என்று தெரிந்தது. பைனாகுலரை அதன் பக்கம் திருப்புங்கள். சுற்றியுள்ள நட்சத்திரங்கள் ஊசிமுனைகளாக இருக்கும்போது இது மட்டும் உருண்டையாக, நடுவில் அடர்ந்து ஓரங்களில் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி கரைந்து நிற்கும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் இன்னும் அகலமாகும், ஏறக்குறைய நிலாவின் அளவுக்கு. சுமார் 1 கோடி நட்சத்திரங்கள், 17,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும் கோளக் கொத்து அது. நம் பால்வீதியில் இதைவிடப் பெரிய கோளக் கொத்து இல்லை. இதைக் காட்டாமல் யாரையும் நான் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

தென்சிலுவைக்கு வலப்பக்கம் பைனாகுலரை ஒன்றரை முஷ்டி நகர்த்தினால் கரைனா நெபுலா. நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகம் அது. ஓரியன் நெபுலாவைவிட வானத்தில் பெரியது. தெற்கு அடிவானம் தெளிவாக இருந்தால் அந்தப் பக்கம் முழுதையும் சும்மா மேய்ந்தாலே போதும், கொத்துக் கொத்தாக வந்துகொண்டே இருக்கும்.

பால்வீதி எப்போது நன்றாகத் தெரியும்?

அதன் மையப் பகுதி தனுசு, விருச்சிக ராசிகளின் எல்லையில் இருக்கிறது. மார்ச் கடைசியில் விடியற்காலை 4 மணிக்குத் தென்கிழக்கில், மே நடுவில் பின்னிரவு இரண்டரைக்கு உச்சியில், ஆகஸ்ட் நடுவில் இரவு எட்டரைக்கே உச்சியில். ஆகஸ்டில் மேகம் விட வேண்டும், அதனால் ஏப்ரல், மே பின்னிரவுதான் நம்பகமானது. உச்சியில் அது ஐந்து முஷ்டி உயரத்துக்கு வரும். லண்டனில் ஒரு முஷ்டியைத் தாண்டாது.

போட்டோவில் வருவதுபோல் ஊதாவும் சிவப்புமாக இருக்காது. மங்கிய ஒளியில் கண்ணுக்கு நிறம் தெரியாது, சாம்பல் வெண்மைதான். முதலில் மேகம் என்றுதான் நினைப்பீர்கள். அரைமணி கழித்தும் நகராமல் அதே இடத்தில் நட்சத்திரங்களோடு இருந்தால் அது மேகமல்ல. கேட்டையிலிருந்து விருச்சிகத்தின் வளைந்த வாலில் மூலம் வரை வந்து, வால்நுனிக்கு இடப்பக்கம் பைனாகுலரை வையுங்கள். மெசியர் 7 என்ற கொத்து வெறுங்கண்ணுக்கே தெரியும், பைனாகுலரில் தனித்தனி நட்சத்திரமாகப் பிரியும். அங்கிருந்து மெல்ல வடக்கே நகர்த்திக்கொண்டே போனால் நெபுலாவும் நட்சத்திர மேகமும் மாறி மாறி வரும். பெயர் தெரியாமல் பார்த்தாலும் குறையில்லை.

எந்த பைனாகுலர் வாங்கலாம்?

10x50 அல்லது 7x50. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 7x50-இல் 7 மி.மீ., 10x50-இல் 5 மி.மீ. இளவயதில் கண்மணி இருட்டில் 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற 5 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். அதனால் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 10x50 நல்லது. கை நடுக்கம் அதிகம் என்றால் 8x42 வாங்குங்கள், எடையும் குறைவு.

ஜூம் பைனாகுலர் வேண்டாம். சிவப்பாக மின்னும் லென்ஸ் பூச்சு வேண்டாம். பொருட்காட்சிக் கடைகளில் நூறு மடங்கு என்று எழுதி விற்பதைத் தொடவே வேண்டாம். கடையில் பார்க்கும்போது தூரத்திலுள்ள ஒரு விளக்கைப் பாருங்கள். அது இரண்டாகத் தெரிந்தாலோ கண்ணை இழுத்துப் பிடித்தால்தான் ஒன்றாகிறது என்றாலோ இரண்டு குழாயும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம், தலைவலி நிச்சயம். முன்பக்கம் ட்ரைபாட் மாட்டும் திருகுத் துளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிட்டே பார்க்கலாம், போகஸ் திருகியில் சரியாகிவிடும். சிலிண்டர் பவர் அதிகம் இருந்தால் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும், அவர்களுக்குக் கண்பகுதி ரப்பரை மடித்துவிடக்கூடிய மாடல் வசதி.

கை ஆடுகிறதே?

கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொள்ளுங்கள். முழங்கை இரண்டும் கட்டில் சட்டத்திலோ விலாவிலோ அழுந்தி நிற்கட்டும், பைனாகுலரைப் பின்பக்கம் பிடிக்காமல் முன்பக்கம் லென்ஸை ஒட்டிப் பிடியுங்கள். ஆட்டம் பாதியாகக் குறையும். தாழ்வான தெற்கு வானத்துக்கு மாடிக் கைப்பிடிச் சுவரோ கிணற்றடித் திண்டோ போதும். மாசி வரைக்கும் பனி இறங்கும், தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

வடக்கு வானத்திலும் பைனாகுலருக்கு ஏதாவது உண்டா?

உண்டு. தை மாதம் இருட்டியதும் வடமேற்கில் ஆண்ட்ரோமீடா மண்டலம் நீள்வட்டப் புகையாகத் தெரியும். அதற்கு வலப்பக்கம் பெர்சியஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் இரட்டைக் கொத்து. கல்யாணத்தில் பகலில் கைகாட்டும் அருந்ததியை வைகாசி இரவில் நிஜமாகவே பார்க்கலாம். சப்தரிஷியின் வால்பகுதியில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டியிருப்பது அருந்ததி. கண் நன்றாக இருந்தால் வெறுங்கண்ணுக்கே பிரியும். பெர்சியஸில் உள்ள அல்கால் 2.87 நாளுக்கு ஒருமுறை மங்கி மீளும். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரம் அது, கருவியே இல்லாமல் கவனிக்கலாம்.

கிரகங்கள்?

வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் 10x50-இல் தெரியும், ஆனால் பைனாகுலர் ஆடக்கூடாது. 1610-இல் கலீலியோ பார்த்தவை அவைதான். அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறியிருப்பதை நோட்டில் வரைந்து வையுங்கள். வெள்ளி மெல்லிய பிறையாக இருக்கும் வாரங்களில் அந்தப் பிறையும் தெரியும். சனியின் வளையம் தெரியாது, நீள்வட்டமாக ஒரு சாயல் மட்டும் தட்டுப்படலாம்.

சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது வெள்ளியையோ புதனையோ பைனாகுலரில் தேடாதீர்கள். ஒரு கணம் சூரியன் உள்ளே வந்தாலும் பார்வை போய்விடும். முழுதாக மறைந்த பிறகு, அல்லது உதிப்பதற்கு வெகுமுன்பே.

மாசி மாதம் மேற்கில் இருட்டிய பிறகும் ஒரு வெளிச்சம் நிற்கிறதே, எந்த ஊர் அது?

ஊராக இல்லாமலும் இருக்கலாம். சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் கழித்து, அகன்ற அடியும் கூரிய நுனியுமாக ஒரு வெளிச்சக் கூம்பு மேற்கிலிருந்து கார்த்திகை வரைகூட எழும்பி நிற்கும். கிரகங்கள் சுற்றும் தளத்தில் மிதக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவது அது. ராசி மண்டல ஒளி என்பார்கள். வெப்பமண்டலத்தில் கிரகங்களின் பாதை அடிவானத்துக்குச் செங்குத்தாக நிற்பதால் நமக்கு நன்றாகத் தெரியும். ஊர் வெளிச்சம் அடிவானத்தோடு பரந்து கிடக்கும், இது மேல்நோக்கி எழும். அந்த வேறுபாடு போதும்.

எரிநட்சத்திரம் பார்க்க எந்த நாள் நல்லது?

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் பொழிவு. ஃபேத்தான் என்ற சிறுகோள் விட்டுச்சென்ற துகள்கள் அவை. மழை மேகம் விட்டால் இரவு பத்துக்கு மேல் விடியும்வரை பார்க்கலாம். மே 5, 6 விடியற்காலையில் ஈட்டா அக்குவாரிட், இது ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசி, நம்மைப் போலத் தெற்கே இருப்பவர்களுக்குச் சாதகமானது. பெர்சியிட் பற்றி ஆகஸ்டில் செய்தி நிறைய வரும், நமக்கு அது பெரும்பாலும் மேகத்தோடு போய்விடும். பைனாகுலரை ஓரமாக வைத்துவிட்டுப் படுத்து வெறுங்கண்ணால் பாருங்கள்.

மின்னாமல் சீராக நகர்ந்து, ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடக்கும் மிகப் பிரகாசமான புள்ளி சர்வதேச விண்வெளி நிலையம். பாதி வழியில் மறைந்தால் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

இரவில் வெளியே போக பயமாக இருக்கிறதே?

கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். யானை நடமாட்டமுள்ள மலைப்பாதையோரத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். வயல், தோப்பு என்றால் உரிமையாளரிடம் பகலிலேயே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் காட்டுப்பன்றிக்காகத் திருட்டு மின்வேலி போட்டிருப்பார்கள், பகலில் நடந்து பார்த்த பாதையைத் தவிர வேறெங்கும் இருட்டில் கால் வைக்கக் கூடாது. கட்டுவிரியன் இரவில்தான் இரை தேடும். மூடிய ஷூ போடுங்கள், நடக்கும்போது வெள்ளை டார்ச்சையே அடியுங்கள், கண் மறுபடி பழகிக்கொள்ளும். தரையில் விரிப்புப் போட்டுப் படுக்காமல் கட்டில் கேட்பதும் இதற்காகத்தான்.

ஊருக்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போவது முக்கியம். இருட்டில் குழலும் கையுமாக நிற்கிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். சொல்லிவிட்டால் அவர்களே பார்க்க வருவார்கள். வந்தால் முதலில் நிலாவையோ வியாழனையோ காட்டுங்கள்.

பைனாகுலரில் பூஞ்சை பிடித்துவிடுமாமே?

நம் ஈரக்காற்றில் பிடிக்கும். கூடவே வரும் துணிப்பையிலோ தோல் உறையிலோ வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பனியில் நனைந்தால் நன்றாக உலர்ந்த பிறகே மூட வேண்டும். லென்ஸைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், முதலில் ஊது பம்பால் தூசியை அகற்றுங்கள்.

எங்கள் தோப்புக்கு எதிரே பஞ்சாயத்து புதிதாக எல்இடி போட்டுவிட்டது. என்ன செய்வது?

விளக்கை எடுக்கச் சொல்லாதீர்கள். இரவில் பெண்களும் பால்காரரும் நடக்கும் பாதைக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டிலும் மேலேயும் போகாமல் பாதையில் மட்டும் விழும்படி மூடி போட்டுத் தரக் கேளுங்கள். விளக்கைக் கிடைமட்டமாகத் திருப்பி வைத்தாலே பாதி சரியாகும். பல்பு மாற்றும்போது 3,000 கெல்வினுக்கு உட்பட்ட மஞ்சள் ஒளி கேட்கலாம், பெட்டியின் மேல் அந்த எண் போட்டிருக்கும். லடாக்கில் ஹான்லே பகுதி 2022-இல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமங்களில் விளக்கை அணைத்துவிடவில்லை, மூடி போட்டார்கள், ஜன்னல்களுக்குத் திரை போட்டார்கள். மனுவில் கம்பத்தின் எண்ணையும் எந்தப் பக்கம் மூடி வேண்டும் என்பதையும் எழுதி, வார்டு உறுப்பினரை ஒரு இரவு அந்த இடத்துக்கே அழைத்து வந்து காட்டுங்கள். முடிந்தால் அது ஒமேகா சென்டாரி தெரியும் இரவாக இருக்கட்டும்.